செமன் அண்ணை விட்ட கரடி

கரடியைப் பற்றிப் பேசாமல் ஒரு கோப்பை தேநீரைக் குடித்து முடிக்கத் தெரியாத மனிதர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் என் பக்கத்து அறையில் இருந்தார்.

எழுபதுகளின் நடுப்பகுதி. சிட்னியில் வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனிலிருந்து ஏழு நிமிட நடையில் ஒரு பழைய அட்டைச் சுவர் வீடு. இன்றைக்கு அந்த ஸ்டேஷனில் இறங்கினால் தோசை வாசனை கையைப் பிடித்து இழுக்கிறது. அன்றைக்கு அந்தத் தெருவில் கடுகு வெடிக்கும் சத்தம் எங்கள் வீட்டுக் குசினியில் மட்டும்தான் கேட்கும். நான் உறையூர்க்காரன். பாரமட்டாவில் ஒரு கம்பெனியில் சாக்கடைக் குழாய்களுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தேன். அவர் முல்லைத்தீவுக்காரர். ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் ஸ்டோர்கீப்பர். வயது நாற்பத்தெட்டு, அவர் சொன்ன கணக்குப்படி.

அவர் பெயர் செமன் அண்ணை. இலங்கையில் டின்னில் அடைத்த மீன் எதுவானாலும் அதற்குச் செமன் என்று பெயராம். ஸால்மன் என்ற ஆங்கிலச் சொல் கப்பலேறி அங்கே போய் இறங்கியபோது உடம்பு இளைத்துச் செமன் ஆகிவிட்டது. அண்ணையின் அலமாரியைத் திறந்தால் சட்டைகள் மூன்று இருக்கும், செமன் டின்கள் நாற்பது இருக்கும். ஏன் என்று கேட்டேன்.

“சேட்டு கிழிஞ்சால் தைக்கலாம் தம்பி. செமன் முடிஞ்சால் என்ன செய்யிறது?” என்றார்.

அவருடைய நிஜப்பெயரை ஒரு தபால் உறையில் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். வேறு யாருக்கோ வந்த கடிதம் என்று திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன்.

நான் சிட்னிக்கு வந்த முதல் குளிர்காலத்தில் என்னிடம் இருந்தது ஒரு பருத்திப் போர்வை. உறையூரில் அதுவே அதிகம். ஜூலை மாதத்தில் நான் இருமத் தொடங்கினேன். மூன்றாம் நாள் தன் கட்டிலில் கிடந்த கம்பளி இரண்டில் தடித்ததைக் கொண்டுவந்து என் மேல் போட்டார். வேண்டாம் அண்ணே என்றேன். “நீர் இருமினால் எனக்கு நித்திரை வராது. இது எனக்காகத்தான்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தக் கம்பளி இன்னும் என் வீட்டில் இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்கும் எண்ணம் எனக்கு இருந்ததே இல்லை, அவரும் கேட்டதில்லை.

கரடிக்கு வருகிறேன். அண்ணை முன்பு வன்னிக்காட்டில் காட்டுக் கந்தோரில் வேலை பார்த்தவர். கந்தோர் என்றால் அவர்கள் ஊரில் ஆபீஸ். அங்கே கிளார்க்காக இருந்தவர் கரடிகளை எப்போது சந்தித்தார் என்பது எனக்கு விளங்கவில்லை, ஆனால் சந்தித்த கரடிகளை எல்லாம் கொன்றிருந்தார். திங்கட்கிழமை சொன்னால் ஒரு கரடி சாகும். அதே கதையைப் புதன்கிழமை சொன்னால் இரண்டு. வெள்ளிக்கிழமை, சம்பளம் வந்த சந்தோஷத்தில், ஒரு குடும்பமே போய்விடும். ஒரு கரடியைத் துவக்கால் சுட்டார். இன்னொன்றைத் துவக்கின் மறுமுனையால் அடித்தார். ஒன்றைக் கந்தோர்ப் பேரேட்டைத் தலையில் போட்டே கொன்றார்.

பேரேட்டுக் கதையில் என் பொறுமை போய்விட்டது. “அண்ணே, சும்மா கரடி விடாதீங்க” என்றேன்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்கள் பக்கம் கரடி விடுவது என்றால் புளுகுவது. காட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் அண்ணை முகம் வெளுத்துவிட்டது. கோப்பையைக் கீழே வைத்தார். பாதித் தேநீர் அப்படியே இருக்க, எழுந்து தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நல்ல மனிதரைப் புண்படுத்திவிட்டோமே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் மாலை ஒரு தட்டில் செமன் குழம்பும் பாணும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பாண் என்றால் ரொட்டி. என்னை உற்றுப் பார்த்தார்.

“கரடி விட்ட கதை உமக்கு ஆர் சொன்னது?”

“யாரும் சொல்லலண்ணே. நானாத்தான் சொன்னேன்.”

“நீராய்க் கண்டுபிடிச்சனீரோ?”

“பேச்சைக் கேட்டாலே தெரியுதேண்ணே.”

“ம்ம். கெட்டிக்காரன்தான். வேறை ஆருக்கும் சொல்லிப்போடாதையும்” என்றார்.

சமாதானமாகிவிட்டார் என்று நினைத்துக் குழம்பைத் தொட்டுச் சாப்பிட்டேன். அவர் எதைச் சொன்னார் என்று நான் யோசிக்கவே இல்லை. பசி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை ஒரு விலங்குப் பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். இந்த ஊரில் கோவாலாவைக் கரடி என்றுதான் அப்போது எல்லோரும் சொல்வார்கள். கரடி பார்க்கப் போகலாம் அண்ணே என்றதும் சப்பாத்துக்குப் பாலிஷ் போட்டு, குடையோடு புறப்பட்டார். அவருக்கு மழைக்கு மட்டும் குடை என்ற கொள்கை கிடையாது. மரக்கிளையில் ஒரு கோவாலா தூங்கிக்கொண்டிருந்தது. அண்ணை அதைக் கால்மணி நேரம் பார்த்தார். அது ஒரு முறை கண்ணைத் திறந்து, இவரைப் பார்த்து, மறுபடி மூடிக்கொண்டது.

“இதுவோ கரடி?”

“ஆமாண்ணே. இங்க இதான்.”

“வன்னியிலை இருக்கிற கரடிக்கு இது தெரிஞ்சால் மானநட்ட வழக்குப் போடும்.”

அதோடு விடவில்லை. காவலரைத் தேடிப் பிடித்து, பலகையில் எழுதியிருப்பது பிழை என்றும், உடனே திருத்த வேண்டும் என்றும் ஆங்கிலத்தில் புகார் சொன்னார். காவலர் நல்ல பையன். எழுதிக்கொள்வதுபோல் நடித்தான். அண்ணை அவனுக்குத் தன் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னார், அது கொஞ்சம் நேரம் எடுத்தது.

இப்போது என் மேலதிகாரி கென் உள்ளே வர வேண்டும். என்னை சார் என்று கூப்பிடாதே, கென் என்று கூப்பிடு என்று அவர் நூறு முறை சொல்லியிருக்கிறார். நானும் அன்று முதல் கென் சார் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கெட்டவர் இல்லை. ஆனால் காகிதம் என்றால் அவருக்கு ஆகாது. எந்தக் கடிதம் வந்தாலும் மேசை டிராயரில் போட்டுவிட்டு, “அடுத்த வாரம், மேட்” என்பார். அந்த டிராயரில் அடுத்த வாரங்கள் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தன.

அவற்றுக்கு நடுவில் என் கடிதமும் கிடந்தது. என் மனைவி சரோஜாவும் மகள் உமாவும் உறையூரில் இருந்தார்கள். அவர்களை இங்கே அழைத்துக்கொள்ள, எனக்கு வேலை நிலையானது என்று கென் சார் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அது குடிவரவு அலுவலகத்துக்கு அந்த மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். தவறினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதற்கு இன்னும் ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம். நான் புறப்படும்போது உமா தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது ஓடுகிறாளாம். பீரோவில் ஒட்டிய என் போட்டோவைக் காட்டி, “அப்பா ஒட்டிக்கிட்டு இருக்கு” என்கிறாளாம். அந்தக் கடிதத்தைப் படித்த அன்று சாக்கடைக் குழாயின் அளவு ஒன்றைத் தப்பாகப் போட்டுவிட்டேன்.

கென் சார் ஒரு விஷயத்தில் மட்டும் அடுத்த வாரம் என்று சொல்லமாட்டார். அவருடைய சுவரில் ஒரு பத்திரிகைப் படம் ஒட்டியிருந்தது. பனிமலை அடிவாரம், ஆறு, ஒருவன் கையில் ஆளுயர ஸால்மன், காலடியில் செத்துப்போன கறுப்புக் கரடி. கனடாவுக்குப் போய் ஒரே பயணத்தில் காலையில் ஸால்மன் பிடித்து மாலையில் கறுப்புக் கரடி சுடுவது அவருடைய எட்டு வருடக் கனவு. அந்த வருடம் டிக்கெட்டே எடுத்துவிட்டார். ஆபீஸில் யாரைப் பார்த்தாலும் ஸால்மனில் தொடங்கிக் கரடியில் முடிப்பார். ஒரு நாள் தேநீர் நேரத்தில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், என் வீட்டில் இருப்பவர் கறுப்புக் கரடி வேட்டைக்காரர் என்று சொல்லிவிட்டேன்.

கென் சார் கையிலிருந்த பிஸ்கட் தேநீரில் விழுந்தது. அதை எடுக்கவில்லை. “எத்தனை?” என்று மட்டும் கேட்டார்.

அன்று வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமைக் கணக்கைச் சொன்னேன்.

சனிக்கிழமை கடற்கரைக்கு ஸால்மன் பிடிக்கப் போகலாம், அவரைக் கட்டாயம் அழைத்து வா என்றார். கடிதம், கென் சார் என்றேன். “அதையும் அங்கே பேசலாம், மேட்.” மாதம் முடிய ஆறு நாள் இருந்தது.

வீட்டுக்கு வந்து அண்ணையிடம் சொன்னேன். கடிதத்தைப் பற்றி அவருக்கு முன்பே எல்லாம் தெரியும். சரோஜாவின் கடிதங்களை நான் சத்தமாகப் படிப்பேன், அவர் வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்பார். கனடாப் பயணத்தைக் கேட்டதும்தான் சிரித்தார்.

“மீனும் கரடியும் ஒண்டாய்க் காணக் கனடாவுக்கோ? எங்கட ஊரிலை மீனுக்குப் போனால் வழியிலை கரடி தானாய் வரும். ரிக்கெற் ஒண்டும் இல்லை.”

சனிக்கிழமை காலை கென் சாரின் ஹோல்டன் காரில் தெற்கே இரண்டு மணி நேரம் போனோம். கென் சாரிடம் இரண்டு ஆள் உயரத்துக்குத் தூண்டில் கோல் இருந்தது. அண்ணையிடம் குடையும் ஒரு துணிப்பையும் இருந்தன. பைக்குள் மிளகாய்த்தூள், உப்பு, சட்டி, மீன் கிடைக்காவிட்டால் இருக்கட்டும் என்று செமன் டின் நான்கு. ஐந்தாவது டின் காலியானது. அதைச் சுற்றி தங்கூசி என்கிற நீளமான நைலான் நூல், நுனியில் ஒரு முள். அதுதான் அவருடைய தூண்டில்.

கென் சார் கோலை வீசினார். அது அழகாகப் போய் விழுந்தது. கடல்பாசி வந்தது. மறுபடி வீசினார். இன்னும் கொஞ்சம் பாசி வந்தது. அண்ணை கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு, குடையை மணலில் குத்தி வைத்து, அலையைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு நூலைத் தலைக்கு மேல் மூன்று சுற்றுச் சுற்றி விட்டார். பத்து நிமிடத்தில் கை நீள மீன் ஒன்று மணலில் துள்ளியது. அடுத்தது வந்தது. அதற்கடுத்தது வந்தது. கையெழுத்துப் போட வேண்டியவரைக் கடற்கரையில் வைத்து இப்படித் தோற்கடித்தால் அவர் எப்படிப் போடுவார்?

“அண்ணே, போதும்ணே. அவருக்கு ஒண்ணு ரெண்டு விடுங்க.”

“நானோ தடுக்கிறன்? அவர் பாசி பிடிக்க வந்தவராக்கும்.”

ஐந்தாவது மீனை அண்ணை தூக்கிப் பார்த்தார். டின் மீது ஒட்டியிருந்த படத்தையும் பார்த்தார். இரண்டும் ஒன்றாக இல்லையே என்று கென் சாரைக் கேட்டார். கென் சார் கொஞ்சம் வெட்கப்பட்டார். உண்மையைச் சொன்னால் இது ஸால்மனே இல்லை, முதலில் வந்த வெள்ளைக்காரர்கள் ஊர் நினைவில் இந்த மீனுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள், இது வேறு சாதி மீன் என்றார். அண்ணை என் பக்கம் திரும்பினார்.

“செமனும் செமன் இல்லை. கரடியும் கரடி இல்லை. என்ன நாடு தம்பி இது?”

அதை மொழிபெயர்த்தபோது கென் சார் சிரிக்கவில்லை. “அதனால்தான் நான் கனடாவுக்குப் போகிறேன்” என்றார். முதல் முறையாக அவர் மீது எனக்கு இரக்கம் வந்தது.

மதியம் அண்ணை காய்ந்த கட்டைகளைப் பொறுக்கி நெருப்பு மூட்டி மீனை மிளகாய்த்தூளில் புரட்டிச் சுட்டார். கென் சார் கண்ணில் நீர் வழிய நான்கு துண்டு சாப்பிட்டார். ஐந்தாவதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு கையைத் துடைத்து, மணலில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, “சரி, கரடியைப் பற்றிச் சொல்லுங்கள். எப்படிச் சுட்டீர்கள்?” என்றார்.

இந்த நேரத்துக்காகத்தான் நான் காத்திருந்தேன். கென் சார் மனம் குளிர வேண்டும். குளிர்ந்த மனத்தில் கடிதத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். பேரேட்டால் அடித்த கரடி உள்பட எல்லாவற்றையும் அண்ணை அவிழ்த்துவிட்டால்தான் காரியம் நடக்கும். அவர் காதருகே குனிந்து தமிழில் சொன்னேன்.

“அண்ணே, இன்னிக்கு நல்லா கரடி விடுங்க.”

அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். “விடச் சொல்லுறீரோ? உண்மையாவோ?”

“தாராளமா விடுங்கண்ணே. என் பொண்டாட்டி புள்ள வர்றதே அதுலதான் இருக்கு.”

அவர் நெருப்பைப் பார்த்தபடி ஒரு கட்டையை உள்ளே தள்ளினார். பிறகு ஆங்கிலத்தில், வழக்கமான கைவீச்சு எதுவும் இல்லாமல், தாழ்ந்த குரலில் தொடங்கினார்.

“நான் ஒரு கரடியும் சுட்டதில்லை, கென்.”

நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன், அவர் நிறுத்தவில்லை.

அவர் சொன்னது இதுதான். தேன் எடுக்கப் போன ஒருவரை ஒரு கரடி கீறிவிட்டது. கந்தோரின் வேட்டைக்காரருக்குக் காய்ச்சல். கந்தோரில் வேறு ஆள் இல்லாமல் கிளார்க்கிடம் துவக்கைக் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு பின்னேரம் தண்ணீர் மடுவுக்குப் பக்கத்தில் மரத்தடியில் காத்திருந்தார். கரடி வந்தது. கறுப்பு, நெஞ்சில் வெள்ளைக் கோடு. அவர் குறி வைத்தார். அப்போதுதான் அதன் முதுகைப் பார்த்தார். இரண்டு குட்டிகள் முடியைப் பிடித்துக்கொண்டு முதுகில் உட்கார்ந்திருந்தன. எங்கள் காட்டுக் கரடி பிள்ளையை அப்படித்தான் கொண்டுபோகும் என்றார். அது நின்று அவரைப் பார்த்தது. இவர் துவக்கைக் கீழே இறக்கி, பாதையை விட்டு விலகி நின்றார். அது கடந்து போனது.

“கந்தோருக்குப் போய்ச் சுட்டேன், காட்டுக்குள் ஓடிச் செத்துவிட்டது என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? கிளார்க்குக்குப் பயம் என்பார்கள். அன்றிலிருந்து கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிச் செத்த கரடிகள் கூடிவிட்டன. உண்மையில் ஒன்றும் சாகவில்லை. இந்தத் தம்பி எப்படியோ கண்டுபிடித்துவிட்டான், நான் கரடி விட்டதை.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் விடாதீங்க என்று சொன்ன கரடி வேறு, அவர் சுடாமல் விட்ட கரடி வேறு. அவரைப் புளுகச் சொல்லி நான் கெஞ்ச, இத்தனை வருடத்தில் முதல் முறையாக மனிதர் உண்மையைச் சொல்லிவிட்டார். அதுவும் கரடி சுடுவதற்காகவே டிக்கெட் எடுத்தவரிடம். கென் சார் முகத்தைப் பார்க்கவே தைரியம் வரவில்லை. உமாவுக்கு நான் இன்னும் ஒரு வருடம் பீரோவில் ஒட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

அண்ணை முடிக்கவில்லை. “கென், உங்களுடைய லாச்சிக்குள்ளும் ஒரு தாயும் பிள்ளையும் நிற்கிறார்கள். அவர்களுக்கும் வழி விடுங்கள்” என்றார். ஆங்கிலத்தில் எல்லாச் சொல்லும் வந்தது, அந்த ஒரு சொல் மட்டும் வரவில்லை.

கென் சார் என்னைக் கேட்டார். “லாச்சி என்றால் என்ன?”

என் சொந்த வேண்டுகோளை நானே மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. “டிராயர், கென் சார். உங்கள் மேசை டிராயர். அதில் இருப்பது என் மனைவியும் மகளும்.” கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. அதை மிளகாய்த்தூள் மேல் போட்டுச் சமாளித்தேன்.

கென் சார் எழுந்து தூண்டில் கோலைக் கழற்றிக் கட்டத் தொடங்கினார். திரும்பும் வழியெல்லாம் அண்ணை குடையைப் பிடித்துக்கொண்டு பின் சீட்டில் நிம்மதியாகக் குறட்டை விட்டார். பெரிய பாரம் இறங்கிய மனிதரின் குறட்டை அது.

திங்கட்கிழமை நான் ஆபீஸ் போனபோது கென் சாரின் டிராயர் முழுவதுமாக வெளியே இழுக்கப்பட்டு மேசை மேல் கவிழ்ந்து கிடந்தது. அவர் என் கடிதத்தைத் தேடிக்கொண்டிருந்தார். கண்டுபிடித்தார். படித்தார். கையெழுத்துப் போட்டார். தபாலை நம்பாமல், தானே நகரத்துக்கு ரயிலேறிப் போய்க் குடிவரவு அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தார். அதன் பிறகு எங்கள் ஆபீஸில் டிராயருக்கு லாச்சி என்றே பெயர். நான் அங்கிருந்து விலகிய பிறகு சேர்ந்தவர்கள்கூட அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்களாம்.

கென் சார் கனடா போனார். அங்கிருந்து ஒரு தபாலட்டை வந்தது. ஸால்மன் நான்கு, எல்லாம் நிஜமானவை. கரடி ஒன்று பார்த்தேன், விட்டுவிட்டேன், அண்ணையிடம் சொல் என்று எழுதியிருந்தார். அவர் விட்டது முல்லைத்தீவுக் கரடியா, உறையூர்க் கரடியா என்று நான் கேட்கவில்லை. அண்ணை அந்த அட்டையை வாங்கித் தன் அலமாரியில் செமன் டின்களுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்துக்கொண்டார்.

சரோஜாவும் உமாவும் வந்து இறங்கிய அன்று விமான நிலையத்துக்கு அண்ணையும் வந்தார். பாலிஷ் போட்ட சப்பாத்து, குடை, கையில் தூக்குச்சட்டியில் மீன் குழம்பு. உமா என்னைப் பார்த்துச் சரோஜாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். பீரோவில் இருந்த அப்பாவுக்குக் கையும் காலும் இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. நான் கூப்பிடக் கூப்பிட இன்னும் உள்ளே போனாள். அண்ணை குடையைக் கீழே வைத்து, அவள் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து, “பிள்ளை, உமக்குக் கரடியைத் தெரியுமோ?” என்று தொடங்கினார். ஐந்து நிமிடத்தில் குழந்தை வெளியே வந்துவிட்டது. பத்து நிமிடத்தில் ஏழு கரடிகள் செத்திருந்தன. வீடு வந்து சேரும்போது அவள் என் மடியில் இருந்தாள்.

சரோஜா என்னைத் தனியாகக் கேட்டாள். “ஏங்க, அவர் நெஜமாவே அத்தனை கரடி சுட்டாரா?”

ஒன்றுகூடச் சுடவில்லை என்றேன். மடுவோரம் நடந்ததைச் சொன்னேன். அவள் யோசித்தாள். “அப்ப அது மட்டும் நெஜமா? அதுவும் அந்த நேரத்துக்கு அவர் விட்ட கரடியா?”

எனக்கு அப்போதும் தெரியாது. அண்ணை நெருப்பைப் பார்த்துச் சொன்னது உண்மையா, என் கடிதத்துக்காக அங்கேயே உட்கார்ந்து கட்டியதா என்று அவரிடம் கேட்க எனக்கு முழுதாய்ப் பதினெட்டு வருடம் இருந்தது. கேட்கவில்லை. இப்போது கேட்பதற்கு அவர் இல்லை. எந்த ஊர் அர்த்தத்தில் விட்டிருந்தாலும் சரி, அந்தக் கரடியின் முதுகில் உட்கார்ந்துதான் என் மனைவியும் மகளும் என்னிடம் வந்து சேர்ந்தார்கள்.